பாட்டறைச் சுவரில் எதை மாட்டுவது? நெல்லைச் சீமை வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்பக்க அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. உயரம் பத்தடி. தரையில் டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்து அடித்த பெயின்ட், மேலே கான்கிரீட். என் மனைவி பாடுவார், நான் மிருதங்கம் வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பாசமுத்திரத்திலிருந்து வயலின் வாசிக்கும் தம்பி ஒருவர் வருவார். மூவரும் உட்கார்ந்து ஒரு வர்ணத்தைத் தொடங்கினால், வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலம் வருவதற்குள் எல்லாம் கலங்கிவிடும். மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையில் இப்போது விழுந்த ‘நம்’ எது, முந்தைய அடியின் மிச்சம் எது என்று பிரித்தறிய முடியாது. இடப்பக்க முகமான தொப்பியின் ‘தொம்’ மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு எழ மறுக்கும். மனைவியின் கமகங்கள் ஒன்றன்மேல் ஒன்று பூசியதுபோல் கேட்கும். நன்றாக வாசித்தோமா, மோசமாக வாசித்தோமா என்று தெரியாமலே சாதகத்தை முடிப்பது மனத்தை அரித்துவிடுகிற காரியம்.

இந்தச் சுவர்களுக்கு என்ன செய்யலாம் என்று ஓராண்டு விசாரித்தேன். ஒருமுறை தவறாகவும் வாங்கினேன். கடைக்காரர்கள் தங்களிடம் இருக்கிற சரக்கைத்தான் சிறந்தது என்கிறார்கள். கிடைக்கிற வழிகாட்டிகள் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்பவருக்காக எழுதப்பட்டவை. ஜமுக்காளம் விரித்துத் தரையில் அமர்ந்து வாசிக்கிற நமக்கும், அக்னி நட்சத்திர வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அறைகிற நம் சுவர்களுக்கும் அவை அப்படியே பொருந்தவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளின் பெயரை இரண்டாவதாகப் பாருங்கள், தடிமனை முதலில் பாருங்கள். பத்தில் ஒன்பது தவறுகள் மெல்லிய பொருளைச் சுவர் முழுக்க ஒட்டுவதால் நேர்பவை.

உள்ளே அடங்குவது வேறு, வெளியே போகாதது வேறு

‘சவுண்ட் புரூஃப்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகளை விற்கிறார்கள். அறைக்குள் எழுந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பாமல் அடங்குவது ஒரு வேலை. அது பக்கத்து வீட்டுக்குப் போகாமல் நிற்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்குக் காற்று புகக்கூடிய, நார் நிறைந்த, கனமில்லாத பொருள் வேண்டும். இரண்டாவதற்குக் கனமான, காற்றுப் புகாத பொருள் வேண்டும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது.

இந்த வேறுபாட்டை ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன் பயன்படுத்திய அளவுகோலைக் கொண்டு எளிதாகப் புரிந்துகொள்ளலாம். 1895ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. அங்கே பேசிய சொல் ஐந்து வினாடிக்கு மேல் மறையாமல் நின்றது. அவர் பக்கத்திலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அந்த ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். ஒலியை முழுமையாக விழுங்கும் பொருளுக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் திறந்த ஜன்னல். அதில் போன ஒலி திரும்பி வருவதில்லை. அறைக்குள் இருப்பவருக்கு அதைவிடச் சிறந்த உறிஞ்சி கிடையாது. ஆனால் எங்கள் எதிர்வீட்டு ஆச்சியின் கட்டிலுக்கு நேராக அந்த ஜன்னல் திறந்தால், அவருக்கு உறக்கம் கிடையாது.

ஆகவே உங்கள் குறை அக்கம்பக்கம் பற்றியது என்றால், சுவரில் மாட்டுவதை விட்டுவிட்டு முதலில் இடுக்குகளைப் பாருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தானாகவே ஏறத்தாழ 50 டெசிபல் தடுக்கும். ஆனால் நூறு சதுர அடிச் சுவரில் ஒரே ஒரு சதுர அடி வென்டிலேட்டர் திறந்திருந்தால், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்ட அந்தச் சின்னத் துளையும், கதவின் அடியில் இருக்கும் விரலிடை வெளியும்தான் முழுச் சுவரின் உழைப்பையும் வீணாக்குகின்றன. கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் ஒரு தடுப்பு, வென்டிலேட்டருக்குக் கனமான மூடி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பலன் உடனே தெரியும். ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வளவு வீட்டிலோ முடுக்குக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டிலோ இருப்பவர்கள் இரவு பத்து மணியையே தம் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பஞ்சும் அந்த நேரத்து மிருதங்கத்தைப் பக்கத்துச் சுவருக்கு மறைத்துவிடாது.

இனி எழுதுவது எல்லாம் முதல் வேலையைப் பற்றியது.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு தடிமன் வேண்டும்

சபைனின் கணக்கு எளிமையானது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியை விழுங்கும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி அடங்க ஆகும் நேரம் வினாடியில் கிடைக்கும். எங்கள் அறை 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீட்டர். சாந்து பூசிய சுவரும் டைல்ஸும் விழுந்த ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே விழுங்குகின்றன. அப்படியானால் வெற்று அறையில் ஒலி அடங்க மூன்று வினாடி பிடிக்கும். மூன்று மனிதர்கள் உள்ளே உட்கார்ந்தால் அவர்களின் உடலும் உடையுமே கொஞ்சம் விழுங்கி, அதை ஒன்றே முக்கால் வினாடியளவுக்குக் கொண்டுவரும். சாதகத்துக்கு அரை வினாடியை ஒட்டி இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு இன்னும் ஏழரை சதுர மீட்டருக்குச் சற்று மேல் உறிஞ்சும் பரப்பு வேண்டும். இரண்டடிக்கு நாலடிப் பலகையில் கணக்கிட்டால் பத்துப் பலகை. மொத்தப் பரப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவர் முழுவதையும் மூட வேண்டும் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இந்தக் கணக்கு நடு ஒலிகளுக்கும் மேல் ஒலிகளுக்கும் சரியாக வரும். சின்ன அறையின் கீழ் ஒலிகள், அதாவது அதிர்வெண் குறைந்த ஒலிகள், வேறு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகிறது. பன்னிரண்டடி நீளத்தில் அது போய்த் திரும்பித் தன்னோடு தானே இசைந்துகொள்ளும் அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்தில் 57. உயரமும் பத்தடி என்பதால் அங்கேயும் 57. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிட்டன. அவற்றின் இரு மடங்குகள் 95, 114. என் மனைவியின் சுருதி ஐந்து கட்டை, அதாவது 196 ஹெர்ட்ஸ். அதற்குச் சேர்த்த ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கத்தில் தொப்பி சுமார் ஒரு ஸ்தாயி கீழே, நூறு ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கிறது. அறை தானாக முழங்கும் 95க்கு மிக அருகில் போய் அது விழுகிறது. ‘தொம்’ மூலையில் படுத்துக்கொண்டதன் காரணம் இதுதான். நான் தொப்பியில் அப்பும் ரவையைக் கூட்டியும் குறைத்தும் தொப்பியைச் சரிசெய்ய முயன்ற மாதங்கள் அறையின் பிழையைத் தோலின்மேல் ஏற்றிய மாதங்கள்.

நார்ப் பொருள் ஒலியை எப்படி விழுங்குகிறது? காற்று நார்களுக்கிடையே முன்னும் பின்னும் அசையும்போது உராய்ந்து, அந்த ஆற்றல் மிக நுண்ணிய வெப்பமாகிவிடுகிறது. ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய முடியாது, சுவர் தடுக்கிறது. அலைநீளத்தில் கால் பங்கு தூரம் சுவரிலிருந்து தள்ளி வந்தால்தான் அசைவு உச்சமாகும். 4000 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. 1000 ஹெர்ட்ஸுக்குச் சுமார் மூன்றரை அங்குலம். 100 ஹெர்ட்ஸுக்கு 87 சென்டிமீட்டர், ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி. ஓர் அங்குலப் பொருளைச் சுவரில் ஒட்டினால் அது எதைத் தொடும், எதைத் தொடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அதே பொருளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் கூடுதல் செலவில்லாமல் இன்னும் கீழே இறங்கும். காற்று இடைவெளிக்கு எந்தக் கடையிலும் பில் போடுவதில்லை.

பொருள்கள்

முட்டை அட்டையை ஒரே வரியில் முடித்துவிடலாம். அது மெல்லிய காகிதக் கூழ், மேல் ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், மாட்ட வேண்டாம்.

ஃபோம் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். அதிகம் விற்பது அதுதான், நான் ஏமாந்ததும் அதில்தான். கூம்புகூம்பாக, சாம்பல் நிறத்தில், படத்தில் பார்த்தால் ஒலிப்பதிவுக் கூடம் போலவே இருக்கும். ஓர் அங்குலத் தடிமனில் முப்பது சதுரம் வாங்கி இரண்டு சுவர்களில் ஒட்டினேன். கைதட்டிப் பார்த்தபோது முன்பு சுவர்களுக்கிடையே படபடத்த எதிரொலி போய்விட்டது. மகிழ்ந்தேன். மறுநாள் வாசித்தபோதுதான் புரிந்தது. ‘நம்’, ‘சாபு’ ஆகியவற்றின் கூர்மை மழுங்கிவிட்டது, தொப்பியின் முழக்கமோ அப்படியே இருந்தது. மேல் ஒலி போய்க் கீழ் ஒலி மட்டும் மிஞ்சினால் காதுக்கு அது முன்பைவிட மோசம்.

மிருதங்கத்துக்கு இது ஏன் பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டும். வெறும் தோலை இழுத்துக் கட்டிய முரசில், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் மேற்சுரங்கள் ஒழுங்கற்றுச் சிதறும். வலந்தலையின் நடுவே பூசுகிற கருப்புச் சோறு அவற்றை இசை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சி. வி. ராமன் 1920இல் இதை அறிவியல் உலகுக்கு எடுத்துக்காட்டினார். நம் தோல்வாத்தியத்துக்குச் சுருதி உண்டு என்பதன் பொருளே அந்த மேற்சுரங்கள்தான். அவற்றை மட்டும் குறிபார்த்துத் தின்கிற பொருளைச் சுவர் முழுக்க ஒட்டுவது, சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம்.

ஃபோமில் இன்னும் இரண்டு குறைகள். மூன்றாவது கோடையில் என் சதுரங்கள் மஞ்சளாகி, விளிம்பில் பொடிந்து, பசை இளகி ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. விற்ற கடையில் கேட்டபோது, சுவர்தான் சரியில்லை என்றார்கள். இதைவிடப் பெரிய குறை தீ. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணம் ஃபோமில் பற்றி நூறு பேர் இறந்தார்கள். 2013இல் பிரேசிலின் சான்டா மரியாவில் இதேபோல் 242 பேர். நம் பாட்டறையில் வாணம் விடமாட்டோம். ஆனால் சரஸ்வதி படத்துக்கு முன் குத்துவிளக்கு எரிகிறது, ஊதுபத்தி கனல்கிறது, பூஜையில் கற்பூரம் காட்டுகிறோம். தீப்பிடிக்காத தரம் என்று எழுத்தில் சான்று தராத ஃபோமை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அப்படிச் சான்று இருந்தாலும் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

ராக்வூல் என்பது பாறையை உருக்கி நூலாக இழுத்து அழுத்திய கம்பளி. பாய்லர்களுக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் வெப்பத்தடுப்பாகப் போடுவது. நெல்லையில் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்பவர்களிடம் சொன்னால் தருவித்துக் கொடுப்பார்கள். கன மீட்டருக்கு 48 கிலோ, 64 கிலோ என்று அடர்த்தியைச் சொல்லிக் கேட்க வேண்டும். சுவருக்கு இவை இரண்டில் எதுவும் போதும். இரண்டு அங்குல ஸ்லாப் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் விழுந்ததில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 250இல் பாதிக்குக் குறையாது. நாலு அங்குலமானால் 125 வரை கை நீட்டும். தீயில் எரியாது. கறையான் தின்னாது. ஃபோமோடு ஒப்பிட்டால், ஒரே செலவில் இரட்டைத் தடிமன் கிடைக்கிறது. இதற்குமேல் எனக்கு வாதம் தேவைப்படவில்லை.

அதன் குறை நார்த்தூள். வெறுங்கையால் தொட்டால் அரிக்கும். வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். ரீப்பர் கட்டையால் சட்டம் அடித்து, ஸ்லாபை மெல்லிய நெய்யாத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மேலே பருத்தித் துணி இழுத்துக் கட்ட வேண்டும். பின்பக்கத்தையும் துணியால் மூட வேண்டும், திறந்துவிடக் கூடாது. பாடுகிறவர் ஆழமாக மூச்சிழுக்கும் அறை அது. ஸ்லாபின் அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறுவதால், அது கைக்கு வந்தபின் தச்சரிடம் சட்டத்தின் அளவைச் சொல்லுங்கள். மேல்துணிக்கு ஒரே சோதனைதான். வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் ஒலியும் போகும். வீரவநல்லூர்க் கைத்தறிப் பருத்தி இதற்கு அருமையாகப் பொருந்தியது. ரெக்சின் வேண்டாம், அது மேல் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும்.

பாலியெஸ்டர் பலகை பார்வைக்கு அழகு. பிளாஸ்டிக் பாட்டிலை மறுசுழற்சி செய்த நாரில் வருவதும் உண்டு. அரிக்காது, பூசணம் எளிதில் பிடிக்காது, பிளேடால் வெட்டி ஒட்டலாம். ஆனால் கடைகளில் வருவது பெரும்பாலும் ஒன்பது மில்லிமீட்டர், பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன். சதுர அடி விலையில் ராக்வூலைவிட அதிகம் கொடுத்துத் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு பெறுகிறீர்கள். சுவரில் நேரே ஒட்டினால் ஃபோமின் கதைதான். இரண்டு அங்குலச் சட்டத்தின்மேல் பொருத்தி, பின்னால் காற்று விட்டால் நடு ஒலிகளை ஓரளவு பிடிக்கும். அதே பாலியெஸ்டர் தலையணைப் பஞ்சுபோல் தடித்த பாய்களாகவும் வருகிறது. கிடைத்தால் அதை வாங்கி நாலு அங்குலத்துக்கு அடுக்குங்கள். நார்த்தூளுக்கு அஞ்சுபவர்களுக்கும், குழந்தைகள் பாட்டுக் கற்கிற வீடுகளுக்கும் நான் அதையே சொல்வேன்.

நம் பக்கத்துப் பொருள்களை மறந்துவிடக் கூடாது. தென்காசிப் பக்கம் தென்னைநார்த் தொழில் இருக்கிறது. ரப்பர் பால் தெளித்து அழுத்திய தென்னைநார் மெத்தை நாலு அங்குலத்தில் எந்த மெத்தைக் கடையிலும் கிடைக்கும். பழைய மெத்தை வீட்டிலேயே இருக்கலாம். அதன் நார் ராக்வூல் அளவுக்கு நுண்ணியது அல்ல, ஆகவே உராய்வு குறைவு. ஆனால் தடிமன் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. மேலுறை ரெக்சினாக இருந்தால் கழற்றிவிட்டுப் பருத்தி போடுங்கள். மூலையில் நிமிர்த்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதுவும் எரியக்கூடியது, விளக்கிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

இலவம்பஞ்சு மெத்தையும் ஒலியை நன்றாக விழுங்கும். நட்டுக்க நிறுத்தினால் பஞ்சு அடியில் இறங்கிவிடும் என்பதால் அதைக் குறுக்குத் தையல் போட்டுத்தான் மாட்ட வேண்டும். தடித்த வெல்வெட் திரையைத் தட்டையாகத் தொங்கவிடாமல் பாதி அகலத்துக்குச் சுருக்கி மடிப்பு மடிப்பாக விட்டால், 500 ஹெர்ட்ஸில் பாதியும் 1000இல் அதற்கு மேலும் விழுங்கும். கீழே ஒன்றும் செய்யாது. ஜன்னலுக்கு அது நல்லது, சுவருக்குப் போதாது.

பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. கோரைப்பாய் மெல்லியது, தனியாக அது ஒலிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பலகையின் மேலுறையாக அது வேலை செய்கிறது. அங்கேயும் ஊதிப் பார்க்கும் சோதனைதான். நெருக்கி நெய்த பட்டுப்பாய் காற்றை அடைத்துவிடுகிறது. சாதாரணக் கோரைப்பாய் விடுகிறது. என் அறையில் இரண்டு பலகைகளுக்குச் சாதாரணப் பாயைத்தான் போட்டிருக்கிறேன். அது மேல் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவதை உணர முடிகிறது. வலந்தலைக்கு அது நல்லதாகவே இருக்கிறது.

மரச்சட்டங்களை வரிசையாக அடித்த அலங்காரப் பலகைக்குப் பின்னால் தடித்த நார்ப் பொருள் இருந்தால் மட்டுமே பயன். இல்லாவிட்டால் அது மரம், அவ்வளவே. புத்தக அலமாரி அதைவிட மேல். ஒழுங்கற்ற ஆழங்களில் அடுக்கிய புத்தகங்கள் ஒலியைக் கொல்லாமல் பல திசைகளில் சிதறடிக்கின்றன. எதிர்ச்சுவரில் அதை வைத்தால் அறைக்கு உயிர் மிஞ்சும்.

எங்கே மாட்டுவது

வழிகாட்டிகள் எல்லாம் பலகையை ஐந்தடி உயரத்தில் நடுவாக வைக்கச் சொல்கின்றன. அது நாற்காலியில் அமர்பவருக்கும் நின்று வாசிப்பவருக்கும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால் நம் காது தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. மிருதங்கத்தின் இரு முகங்களும் அதற்கும் கீழே. ஆகவே பலகை தரைக்கு அரையடி மேலே தொடங்கி நாலரை அடியில் முடிய வேண்டும். நான் முதலில் மேலே மாட்டி, பிறகு கழற்றிக் கீழே இறக்கினேன். இறக்கிய அன்றே பாட்டின் சொற்கள் தெளிந்தன. சரியான இடம் காணக் கண்ணாடி உதவும். நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார, ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்த வேண்டும். எங்கே பாடுபவரின் முகம் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே ஒரு பலகை.

நாலு அங்குலப் பலகைகள் மூலைகளுக்கு. அறையின் கீழ் முழக்கங்கள் எல்லாம் மூலையில்தான் அழுத்தம் சேர்க்கின்றன. இரண்டடி அகலப் பலகையை மூலைக்குக் குறுக்கே சாய்வாக நிறுத்தினால், நடுவில் பின்னால் ஓரடி ஆழம் கிடைக்கிறது. அந்தக் காற்றும் சேர்ந்து உழைக்கும். கூரைக்குக் கீழே பலகை தொங்கவிடச் சொல்வதை நம் வீடுகளில் செய்ய முடியவில்லை. நடுவில் மின்விசிறி சுற்றுகிறது. அதை நிறுத்திவிட்டு மே மாதத்தில் வாசிக்க யாராலும் ஆகாது.

ஈரத்தைப் பற்றியும் யோசித்துத்தான் இடம் தேர வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் நெல்லைச் சந்திப்புப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியாது. ஆற்றோரத்துத் தாழ்ந்த வீடுகளில் பலகையைத் திருகாணியில் நிலையாக அடிக்காமல், படம் மாட்டுவதுபோல் கொக்கியில் மாட்டினால் ஒருவரே நிமிடத்தில் கழற்றிவிடலாம். சுவருக்கும் பலகைக்கும் இடையே விட்ட இரண்டு அங்குலம் இங்கே இன்னொரு முறை உதவுகிறது, சுவர் மூச்சுவிடும். திசையன்விளை, உவரிப் பக்கம் கடற்காற்று இரும்பைத் தின்பதால் கொக்கியும் ஆணியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சட்டத்துக்கு வேப்பமரம் கிடைத்தால் கறையான் பயம் குறையும்.

அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு நான் சொன்ன விடை எனக்கு நானே சொன்னதிலிருந்து வேறுபட்டது. அவர் வீடு மலையை ஒட்டியது. ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் நாள்கணக்கில் சுவர் உலராது. அங்கே பஞ்சு மெத்தையும் தென்னைநாரும் வாடை அடிக்கும். அவர் வாத்தியம் வயலின், தொப்பியின் தொல்லை அவருக்கு இல்லை. அவருக்கு மூலைப் பலகைகளும் தேவையில்லை. தடித்த பாலியெஸ்டர் பாயில் நாலே பலகையும், ஒரு புத்தக அலமாரியும் போதும். வயலினுக்குக் கொஞ்சம் முழக்கம் மிஞ்ச வேண்டும். எல்லாவற்றையும் விழுங்கிய அறையில் வில் வறண்டு ஒலிக்கும், வாசிப்பவர் தன்னையறியாமல் அழுத்தத் தொடங்குவார்.

வில்லுப்பாட்டுக் குழுவினர் ஒருவர் கேட்டபோது இதற்கு நேர்மாறாகச் சொன்னேன். குடத்தின் கீழ் ஒலிக்கு நாலு மூலையிலும் நாலு அங்குலம், அதில் குறைக்கவே கூடாது. நாகஸ்வரமும் தவிலும் பற்றிக் கேட்பவர்களுக்கு, காருகுறிச்சி அருணாசலத்தின் மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்ல மனம் வரவில்லை என்றாலும் சொல்கிறேன். பத்தடி அறை அந்த வாத்தியங்களுக்கு இடமல்ல. அவை கோயில் பிராகாரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் பிறந்தவை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது காதுக்கான பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 94க்கு ஒரு மணி நேரம்தான். மூடிய அறைக்குள் தவில் அதைத் தாண்டிவிடும். எத்தனை பலகை மாட்டினாலும் தோலிலிருந்து நேரே காதுக்கு வரும் ஒலியைச் சுவர் குறைக்காது. காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் தோப்புக்குப் போய் வாசியுங்கள்.

எங்கள் அறையில் கடைசியில் நின்றவை இவை. நாலு மூலைகளில் நாலு அங்குல ராக்வூல், பக்கச் சுவர்களில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு இரண்டு அங்குல ராக்வூல் நாலு, ஜன்னலுக்குச் சுருக்கிய திரை, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. கணக்கு பத்துப் பலகை கேட்டது. எட்டு மாட்டியதும் நிறுத்திவிட்டு ஒரு வாரம் வாசித்துப் பார்த்தோம். ‘தொம்’ எழுந்து உடனே அடங்குகிறது. மனைவி, இதற்குமேல் வேண்டாம், பாட்டு உலர்ந்துவிடும் என்றார். மிச்சம் இரண்டு பலகைகளும் தார்சாவில் சாய்ந்திருக்கின்றன. கஞ்சிரா வாசிக்கிற அண்ணாச்சி வரும் நாளில் மட்டும் அவற்றை உள்ளே எடுத்துவந்து அவர் பின்னால் நிறுத்துகிறோம்.